இரும்புப் படி ஒன்று, குறைவு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையின் நடுவில் இருக்கும் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. எனக்குச் சொன்ன மாடத்தியக்காவும் பார்க்கவில்லை. நான் தங்கிப் படித்த விடுதியில் மாடத்தியக்காவுக்கு முன்னால் சமையல் வேலை பார்த்த சவரியம்மா, தான் பார்த்ததாக மாடத்தியக்காவிடம் சொல்லியிருக்கிறார். மாடத்தியக்கா அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எங்கள் ஏழெட்டுப் பேரிடம் சொன்னார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கண்ணெரிச்சலோடு கேட்ட கதை. இரண்டு கை மாறி வந்ததை மூன்றாவது கையாக நான் எழுதுகிறேன், எதையாவது கூட்டியிருப்பேனோ என்று வரிக்கு வரி பயமாக இருக்கிறது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து பத்தரை மணி வரை என் தலைக்குள் ஓடியதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அது இப்படி ஓடியது.

முதல் படம். பொத்தானை அழுத்துகிறேன், எதிர்ச்சுவரில் கொடிமர பங்களா எழுந்து நிற்கிறது, நாங்கள் உட்கார்ந்திருக்கும் இதே வீடு, பென்சில் கோட்டில். ரகுநந்தன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுகிறார். "ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தாறுல மெரிடித்துன்னு ஒரு பருத்தி ஏஜென்ட் கட்டினது. மொட்டைமாடியில கொடிமரம். கரைக்கு வர முடியாத கப்பலுக்கு இங்கேருந்துதான் கொடி காட்டுவாங்க." அவர் சென்னையிலிருந்து வந்தவர், பழைய வீடுகளைச் சீரமைக்கும் கட்டடக்கலைஞர், பத்து மாதத்துக்கு முன் என்னை ஆவண உதவியாளராக ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டவர். மேசையைச் சுற்றி மரபுக் கட்டடக் குழு. தலைவர் ஜெசிந்தா மேடம், ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியை. அவருக்குப் பக்கத்தில் பொறியாளர் சங்கரபாண்டியன், பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுவதற்கு ஒரு நொடி முன்னால் அதைச் சரியாக எடுத்துவிடுகிறார். இன்னும் மூன்று பேர், அவர்கள் பேசுகிறவர்களாகத் தெரியவில்லை. இன்று இவர்கள் ஒப்புதல் தர வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான், வாசலில் வைக்கப்போகும் கல்லில் இந்த வீட்டின் வரலாறாக என்ன வெட்டுவது என்பதற்கு. கல் வந்துவிட்டது. ஆறடிக்கு மூன்றடி, கறுப்பு, சாக்கைச் சுற்றி வராந்தாவில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும்போது சாக்குக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. காகிதம் என்றால் அடித்து எழுதலாம். மொத்தம் ஐந்து படங்கள், படத்துக்கு ஒரு பத்தி. நான்கு பத்திகளில் எனக்குப் பயமில்லை. ஐந்தாவதில் ஒரு வரி இருக்கிறது. 'விடுதியில் தங்கியிருந்தோரின் அலட்சியத்தால் இவ்வீட்டின் அரிய வார்ப்பிரும்புச் சுழற்படி அழிந்துபோனது.' தங்கியிருந்தோர் என்றால் நான். நானும் இன்னும் எத்தனையோ பேரும், இந்த வீடு அரசாங்கத்தின் மாணவியர் விடுதியாக இருந்த நாற்பத்தோரு வருஷம். அந்த வரியைத் தட்டச்சு செய்ததும் நான்தான். சார் சொல்லச் சொல்ல அடித்தேன், 'சுழற்படி'க்கு ஒற்று சரியா என்று அகராதியைக்கூடப் பார்த்தேன். அலட்சியத்தால் என்ற சொல்லை அடிக்கும்போது கை நிற்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை, கை ஏன் நிற்கவில்லை.

நான் உட்கார்ந்திருப்பது கிழக்கு வரிசையில் இரண்டாவது ஜன்னலுக்குக் கீழே. தற்செயல்தான், பிளக் பாயின்ட் இங்கேதான் இருக்கிறது. ஆனால் என் தகரப்பெட்டியும் ஆறு வருஷம் இங்கேதான் இருந்தது, வெள்ளை பெயின்டில் 27 என்று எழுதி. கீழே சாப்பாடும் படிப்பும், மாடியில் படுக்கை, அறுபத்திரண்டு பேர். ஜன்னலின் மேல்பாதியில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி, காலை வெயில் அதன் வழியாக இறங்கினால் தட்டிலிருக்கும் உப்புமா சிவக்கும். "ஏட்டி, ஒனக்கு மட்டும் தக்காளி உப்புமாவா?" என்று பூரணி என் தட்டை எட்டிப் பார்ப்பாள், பார்த்துக்கொண்டே தரையில் நகர்ந்து நகர்ந்து தன் தட்டையும் அந்த வெளிச்சத்துக்குள் கொண்டுவந்துவிடுவாள். ருசி மாறியதாக இரண்டு பேரும் சத்தியம் செய்வோம். இப்போது கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி மறுபடி பொருத்தியாயிற்று, அதே சிவப்பு ரகுநந்தன் சாரின் வெள்ளைச் சட்டைத் தோளில் விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியாது. வெளிச்சம் விழுந்திருப்பதும் தெரியாது, நான் இங்கே இருந்தவள் என்பதும் தெரியாது. நான் பொய் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் பள்ளியின் பெயர் கேட்டிருந்தது, எழுதினேன். எங்கே தங்கிப் படித்தாய் என்று கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேருமா? முதல் வாரம் சேராது என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் சார் சுவரிலிருந்த ஆணிகளைக் காட்டி, "பாரு தேவி, எத்தனை ஆணி, இந்த ஹாஸ்டல்காரங்க சுவரைச் சல்லடை ஆக்கிட்டாங்க" என்றார். அதில் மூன்றாவது ஆணி என் துண்டு தொங்கிய ஆணி. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். "ஆமா சார்" என்றேன். அன்றிலிருந்து அது பொய்யில் சேர்ந்துவிட்டது.

"அடுத்தது" என்கிறார் சார். அழுத்துகிறேன். 1889, சங்கு வியாபாரம் செய்த கொரைரா குடும்பம் வாங்கியது. பின்கட்டில் சங்கு குவித்துச் சதையை அழுகவிட்டு எடுப்பார்கள் என்று சார் சொல்ல, சங்கரபாண்டியன் மூக்கைச் சுருக்கி, "மழை பேஞ்சா இன்னிக்கும் அந்தச் சொவரு லேசா நாறத்தான் செய்யுது" என்கிறார். நாறும். எங்களுக்கு அது சங்கு நாற்றம் என்று தெரியாது, கடல் நாற்றம் என்று நினைத்திருந்தோம். படத்தில் வீட்டின் பின்புறம், 1908. அங்கே அது இருக்கிறது. மாடிக் குளியலறையின் சின்னக் கதவிலிருந்து தரை வரைக்கும், முறுக்கு பிழிந்து நிறுத்தியது போல, ஒல்லியாக, கறுப்பாக. எல்லோரும் பார்க்கிறார்கள். "பியூட்டிஃபுல்" என்கிறார் பேசாத மூன்று பேரில் ஒருவர். அழகாகத்தான் இருக்கிறது. இரும்பில் திராட்சைக்கொடி வார்த்திருக்கிறார்கள். எதற்காக அந்தப் படி என்று யாரும் கேட்கவில்லை. மாடிக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் வாளியோடு வீட்டுக்குள் நடக்கக்கூடாது. முன்வாசல் தெரியாமல், கூடத்திலிருந்து மாடிக்கு ஏறும் தேக்குப் படியை மிதிக்காமல், சுவருக்கு வெளியிலேயே ஏறி, வெளியிலேயே இறங்கிப் போய்விட வேண்டும். அதற்காகத் திராட்சைக்கொடி. என் அம்மாவின் அத்தை ஒருத்தி இப்படி ஏதோ ஒரு வீட்டில் ஏறி இறங்கியவள்தான், இந்த வீடா என்று தெரியாது, தெரியாததைச் சொல்லக்கூடாது. எனக்கு அந்தப் படியைத் தெரியாது, ஆனால் அந்தக் கதவைத் தெரியும். நான் ஆறாம் வகுப்பில் வந்தபோதே அது பலகை அடித்து மூடியிருந்தது. திறந்தால் வெளியே ஒன்றுமில்லை, இருபதடி ஆகாசம். நாங்கள் அதற்குக் காத்துவாசல் என்று பேர் வைத்திருந்தோம். காய்ச்சலில் படுத்தால் எனக்கு அந்தக் கதவு திறந்துகொண்டதாகக் கனவு வரும், நான் கால் வைப்பேன், வைத்த இடத்தில் படி இருக்காது. இப்போதும் பொத்தான்மேல் விரல் அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது படம். நாற்பத்திரண்டில் போர்க்காலம், அரசாங்கம் வீட்டை எடுத்துக்கொண்டு அரிசி மூட்டை அடுக்கியது. ஆட்டோக்காரர்களுக்கு இன்றைக்கும் ரேஷன் பங்களா என்றால்தான் புரியும். எனக்கு அதிலும் ஒரு சந்தோஷம் உண்டு, இந்தத் தரையில் யாரோ எப்போதும் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டே இருந்திருக்கிறார்கள் என்று. நன்றி என்ற சொல்லை எதற்குச் சொல்வது? வீட்டுக்குச் சொல்லலாமா? சுண்ணாம்புக்கும் தேக்குக்கும் என்ன தெரியும். ஆனால் எங்கள் உப்பளத்துக் குடிசையில் நிமிர்ந்து நின்றால் ஓலை தலையில் இடிக்கும், இங்கே முதல் நாள் படுத்து அண்ணாந்து பார்த்தபோது கூரை அவ்வளவு தூரத்தில் இருந்தது, இவ்வளவு காலி இடத்தை எதற்காக மேலே வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். காலையில் எழுந்தபோது அந்தக் காலி இடம் என்னுடையது போல இருந்தது. யோசிப்பதற்கு அவ்வளவு இடம் வேண்டும் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. குறைவு. இந்தச் சொல் எங்கிருந்து வந்து மாட்டிக்கொள்கிறது? ஸ்டாக் செக்கிங். வருஷா வருஷம் மார்ச் மாதம் ஓர் ஆபீசர் வருவார், கையில் நீளமான இருப்புப் பதிவேடு. தட்டு எழுபது, டம்ளர் எழுபது, பாய் அறுபத்தைந்து, அண்டா மூன்று, கரண்டி எட்டு. ஒவ்வொன்றாக அவர் படிக்க, வார்டன் அம்மா எடுத்துக் காட்ட, நாங்கள் தூக்கி வந்து வைக்க. கடைசிக்கு முந்தின வரி வந்ததும் அவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். "இரும்புப் படிக்கட்டு, ஒண்ணு." வார்டன் அம்மா, "ஐயா, அது எப்பவுமே இல்லீங்க." "எப்பவும் இல்லாததை எப்படிம்மா பதிவேட்டுல ஏத்தினாங்க?" "தெரியலீங்களே ஐயா." "நானும் ஒண்ணும் பண்ண முடியாது. குறைவுன்னு போட்டுக்கறேன்." போடுவார். எங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு வரும். யாராவது சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தால், "என்னட்டி, இரும்புப்படி வழியா எறங்கி வந்தியா?" என்று கேட்போம். பூரணி கணக்குப் பரீட்சையில் பன்னிரண்டு வாங்கியபோது முன்னேற்ற அட்டையை எல்லோருக்கும் காட்டி, "மூளை ஒண்ணு, கொறவு" என்றாள். அந்தப் பதிவேட்டைத்தான் நான் சாருக்குத் தேடிக் கொடுத்தேன். விடுதியை நடத்திய நலத்துறையின் அலுவலகத்தில் மூன்று நாள் தூசியில் உட்கார்ந்து, பெருமையோடு. நாற்பத்தோரு வருஷமும் ஒரே வரி, ஒரே சொல். சார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆக, அரசாங்கம் பொறுப்பேத்துக்கும்போது படி இருந்திருக்கு. அப்புறம் இல்லை. யாரு காரணம்?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. காகிதத்தை வைத்துக் கேட்டால் அந்தக் கேள்விதான் வரும். காகிதத்தைக் கொடுத்தவள் நான்.

நான்காவது படம், ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம். போர் முடிந்து வீடு கொரைரா குடும்பத்துக்குத் திரும்பி வந்தபிறகு கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வரிசையாக மெஷின்கள், தாவணி போட்ட பெண்கள், யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. சார் இதை வேகமாகத் தாண்டப்போகிறார் என்று தெரியும், இந்தப் பத்தி மூன்றே வரி. மாடத்தியக்கா. வெங்காயம். மாடத்தியக்கா சொன்னது இப்படி. "எழுவத்தாறுல இந்த வீட்ட ஆஸ்டலுக்கு விட்டவ பிலோமின் அம்மா, கொரைரா வீட்டுக் கடைசி ஆளு. புருசன் இல்ல, புள்ளையும் இல்ல. அப்ப இருந்த மேட்ரனு ஒருத்தி, அவ சொன்னாளாம், புள்ளைய எல்லாம் பின்னால இரும்புப்படி வழியா மாடிக்கு ஏறட்டும், முன்படி தேக்குல்லா, இத்தன காலு மிதிச்சா தேஞ்சி போவும்னு. ஒரு வாரம் புள்ளைய அதுலதான் ஏறி எறங்குதுவோ. ஒருநாளு பிலோமின் அம்மா குதிர வண்டில வந்து எறங்குனாவ. பின்னால சுத்திப் போயிப் பாத்தாவ. ஒரு சின்னப் புள்ள பெட்டியத் தூக்கிட்டு அந்தப் படியில ஏற முடியாம பாதியில நின்னு அழுவுது. வந்த வண்டிலயே திரும்பிப் போயிட்டாவ. மறுநாக் காலம்பற நாலு ஆளு, கேஸ் கட்டரு. சாயங்காலம் படி இல்ல. மேட்ரன் ஓடி வந்து, ஐயோ புள்ளைய எப்படி மாடிக்குப் போவும்னு கேட்டாளாம். அதுக்கு அந்தம்மா, எங்கூட்டுல இன்னொரு படி இருக்குல்லாட்டி, ஒனக்குக் கண்ணு தெரியலயான்னாவளாம்." இதைச் சொல்லிவிட்டு மாடத்தியக்கா வெங்காயத் தோலை முறத்தில் ஒருமுறை புடைத்தார். "நீங்க முன்னால ஏறிப் போறீயள்லா, சும்மா ஏறிப் போறதா நெனைக்காதீய." பூரணி உடனே, "அப்ப நாங்க மாடிக்கிப் போவும்போதெல்லாம் அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடு போடணுமாக்கா?" என்று கேட்டாள். "நீ ஒண்ணும் போட வேண்டாம், வெங்காயத்த உரி."

பூரணியின் கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. கும்பிடு போட வேண்டுமா? மற்றவர்கள் எல்லோரும் ஏறும் படியில் நானும் ஏறியதற்கு நான் ஏன் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்? சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லாமலிருந்தால் உறுத்துகிறது. அதோடு கதை உண்மையா? சவரியம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவராம், அதையும் மாடத்தியக்காதான் சொன்னார். எழுபத்தாறில் ஏது குதிரை வண்டி? இருந்திருக்குமோ? பழைய இரும்புக்கு யாரோ கேட்டிருப்பார்கள், அந்தம்மா விற்றிருப்பார், சமையற்கட்டில் அது ஒரு கதையாக வளர்ந்திருக்கும். அப்படியும் இருக்கலாம். நான் எழுந்து நின்று என்ன சொல்வேன்? சார், ஒரு சமையல்காரம்மா இன்னொரு சமையல்காரம்மாவிடம் கேட்டதை என்னிடம் சொன்னார். ஆதாரம்? வெங்காயம். சார் எனக்குக் கெட்டவரும் இல்லை. நேர்முகத்தில் என் ஆங்கிலம் பாதியில் அறுந்து நின்றபோது, "தமிழ்லயே சொல்லுங்க, நமக்கு வேண்டியது வீட்டைப் பத்தி" என்று சொன்னவர். அந்த ஒரு வாக்கியத்தால்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய வாக்கியத்தை அவருடைய கூட்டத்தில் நான் வெட்டுவதா? மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி எழுத வேண்டியவர் அவர். பேசாமல் இருந்துவிடலாம். கல்லில் என் பெயரா வரப்போகிறது? 'தங்கியிருந்தோர்' என்றுதானே. யாருக்குத் தெரியும் அது யார் என்று. எனக்குத் தெரியும். பூரணிக்குத் தெரியும், இப்போது திருப்பூரில் இருக்கிறாள், என்றைக்காவது தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள், அம்மா படிச்ச இடம் பாரு என்று காட்டுவாள், மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்கும்.

"தேவி, நெக்ஸ்ட்" என்கிறார் சார். விரல் பொத்தான்மேல் இருக்கிறது. ஏன் இந்த நேரத்தில் அப்பா வருகிறார். ஜூன் மாதம், என் பெட்டி அப்பாவின் தலையில். முன்வாசலில் வந்து நின்றதும் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உப்பில் நின்று நின்று வெடித்த கால். வார்டன் அம்மா பார்த்துவிட்டு, "செருப்ப எதுக்குக் கையில வச்சிருக்கீங்க, கால்ல போடுங்க, மேல போய் அவ இடத்தைப் பாத்துட்டு வாங்க" என்றார். அப்பா போட்டுக்கொண்டார். தேக்குப் படியின் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார், அதுவரை அவர் எந்த மாடிக்கும் ஏறியதில்லை. நான் பின்னால். பாதியில் வளைவு வரும் இடத்தில் நின்று, கீழே கூடத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் படி இருந்திருந்தால்? வேறு ஒரு மேட்ரன், வேறு ஒரு வருஷம், யாரோ ஒருவர், பின்னால் ஒரு வழி இருக்கிறதே என்று சொல்லியிருந்தால் அப்பா அதில் ஏறியிருப்பார். கோபப்பட்டிருக்கவே மாட்டார். அதுதான் பயமாக இருக்கிறது, அவர் ஏறியிருப்பார், ஏறி முடித்து அதே போல் சிரித்திருப்பார். அந்த வழி இல்லாமல் போனதால் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. இல்லாத ஒன்றால் எனக்குக் கிடைத்தது இது, பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் இதை. "தேவி?"

அழுத்திவிட்டேன். ஐந்தாவது படம் வந்துவிட்டது. சார் படிக்கிறார், நான் அடித்த எழுத்துகளை, அலட்சியத்தால் வரை படிக்கிறார், என் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்கிறது, நான் நிற்கிறேன். "சார், அந்தக் கடைசி வரி வேண்டாம் சார்." எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், ஏதோ மின்சாரக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். "எது?" "அலட்சியம்னு வர்றது. படியை நாங்க ஒண்ணும் பண்ணலை சார்." நாங்க என்று சொல்லிவிட்டேன். ஜெசிந்தா மேடம் கண்ணாடியைக் கழற்றுகிறார். "நாங்கன்னா யாரும்மா?" "நான் இங்கதான் மேடம் தங்கிப் படிச்சேன். ஆறாவதுலேருந்து பதினொண்ணு வரைக்கும். என் பெட்டி இந்த ஜன்னலுக்குக் கீழ இருந்துச்சு." சங்கரபாண்டியன் கையில் பிஸ்கட் நனைந்து உடைந்து டீக்குள் விழுகிறது. "அடி சக்க, அப்ப படிய வித்து முறுக்கு வாங்கித் தின்னது நீதானா தாயி?" சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்வது, நாங்களே அதைவிட மோசமாகச் சொல்லிச் சிரித்தவர்கள். "நாங்க வரும்போதே அது இல்ல சார். இல்லைன்னு வருஷா வருஷம் எழுதிட்டுப் போவாங்க." ரகுநந்தன் சார் சிரிக்கவில்லை. "பதிவேட்டுல இருக்கு. நீதான் எடுத்துக் குடுத்தே." "ஆமா சார். நான்தான் குடுத்தேன், டைப் அடிச்சதும் நான்தான். அப்பவே சொல்லியிருக்கணும். வீட்டுக்காரம்மாவே படியை எடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்." "கேள்விப்பட்டியா, தெரியுமா?" இந்த இடத்தில் தெரியும் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. "தெரியாது சார். சமையல்காரம்மா சொன்னது. அவங்களும் பாக்கலை. பொய்யாக்கூட இருக்கலாம். ஆனா நாங்க அழிச்சோங்கறதுக்கும் யாரும் பாத்த சாட்சி இல்லையே சார்." ஜெசிந்தா மேடம் பேனாவால் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். "நல்லது. தெரியாததைக் கல்லுல வெட்ட வேண்டாம். மத்தது எல்லாத்துக்கும் ஒப்புதல், இந்த வரிக்கு மட்டும் பத்து நாள். இந்தப் பொண்ணே தேடட்டும். ரகுநந்தன், ஒங்களுக்குச் சம்மதம்தானே?" சார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேடட்டும் மேடம்" என்றார்.

கூட்டம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" "பயமா இருந்துச்சு சார்." "என்கிட்டயா?" நான் வயரின் முனையைச் சுருளுக்குள் செருகினேன். அவர் சுவரைப் பார்த்தார், ஆணி பிடுங்கிப் பூசிய இடங்கள் ஈரம் காயாமல் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. "இதுல ஒண்ணு ஒன்னோடதா?" "மூணாவது சார்." அவர் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். மறுநாள் என் மேசையில் நலத்துறைக்கு ஒரு கடிதம் இருந்தது, பழைய கோப்புகள் எல்லாவற்றையும் பார்க்க என்னை அனுமதிக்கக் கேட்டு, அவர் கையெழுத்தோடு.

இது நான் பிறகு சரிபார்த்தது. இருப்புப் பதிவேட்டில் இரும்புப் படி வரும் பக்கம், 1976 மே மாதம் எழுதிய வாடகை ஒப்பந்தத்தின் பொருள் பட்டியலைப் பார்த்து அப்படியே பிரதி எடுத்தது. யாரும் வீட்டுக்குப் போய் எண்ணவில்லை. வாடகைக் கோப்பு தனிக் கோப்பு, அதை நான் முன்பு கேட்கவே இல்லை. அதில் பிலோமின் கொரைராவின் கையெழுத்தில் ஒரு கடிதம் தைத்திருக்கிறது. பின்புற இரும்புப் படியை ஜூன் மூன்றாம் தேதி அகற்றிவிட்டதாகவும், அதற்கு மாற்றாக வேறு படி எதுவும் கட்ட வேண்டாம், முன்படி போதும் என்றும் இரண்டே வரி. ஏன் என்று எழுதவில்லை. குதிரை வண்டி இல்லை, அழுத பிள்ளை இல்லை, மேட்ரனும் இல்லை. விடுதியின் சேர்க்கைப் பதிவேட்டையும் பார்த்தேன். முதல் மாணவி சேர்ந்த தேதி அதே வருஷம் ஜூன் பதினான்கு, படி போய்ப் பதினொரு நாள் கழித்து.